நவூருவைப் பாழாக்கியது யார்?

கடலோடி:
பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான நவூருவின் இன்றைய நிலைக்கு அதன் சொந்த அரசுகளே காரணம் என்று நெய்தல் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. மொத்தம் 21 சதுர கிலோமீட்டர் தீவு. 1906இல் அங்கே உரத்துக்கான பாஸ்பேட் தாதுவைத் தோண்டத் தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் வயல்களுக்கு மலிவு விலையில் உரம் கொண்டுபோயின. புன்னையும் தாழையும் நின்ற நடுமேட்டில் இன்று ஆள் உயரத்தையும் மிஞ்சிய சுண்ணாம்புக்கல் தூண்கள்தான் நிற்கின்றன. இடுக்குகளில் மண் இல்லை.

நெய்தல்:
நண்பரே, அந்தக் கொள்ளையை நான் மறுக்கவில்லை. ஆனால் 1968இல் விடுதலை, 1970இல் சுரங்கமும் நவூருவர் கைக்கு வந்துவிட்டது. அந்நியர் தோண்டி முடித்தது பாஸ்பேட் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதியை, விளைவு என்ன என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் தோண்டியது யார்? அந்தப் பணத்தில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 2004இல் கடனில் போனது. 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களில் நின்றது. பேரப்பிள்ளைகளின் பணம் அது!

கடலோடி:
வேறு வழி என்ன வைத்துவிட்டுப் போனார்கள்? 'இந்தத் தீவு இனித் தேறாது, குவீன்ஸ்லாந்துக் கரையருகே கர்ட்டிஸ் தீவில் குடியேறுங்கள்' என்பதுதான் ஆஸ்திரேலியா காட்டிய வழி. அங்கே தனி நாடாக இருக்க முடியாது என்பதால் நவூருவர் 1964இல் மறுத்துவிட்டார்கள். தோண்டிக் கெடுத்த நிலத்துக்கு ஈடு கேட்டு 1989இல் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு இணங்கி வந்தது. குற்றம் இல்லாமலா கொடுத்தார்கள்?

பவளம்:
இருவரும் பணத்தையே பேசுகிறீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சுமார் 1,200 நவூருவரைப் பசிபிக்கிலேயே தொலைவில் உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 800 பேர்கூட இல்லை. அந்தத் தேதியைத்தான் விடுதலை நாளாக வைத்துக்கொண்டார்கள். தீவை விட்டுப் போக மறுத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நெய்தல்:
பவளம் சொன்னது மனதைத் தொட்டது. என் கோபமும் அதனால்தான். அப்படித் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று கரையோரக் கீற்றில் நெருக்கி வாழ்கிறார்கள். கடல் ஏறினால் மேட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே காலூன்ற இடமில்லை.