புதுப்பிப்பு: மறைந்த உறுப்பினரைப் பழைய முகாம் (கேம்பிங்) சங்க ஆவணங்களில் தேடுவது

உறுப்பினர் பட்டியல், மாத இதழ், புகைப்பட ஆல்பம் என்ற வரிசையில் தேடலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: முதலில் சங்கத்தின் பெயர் வரலாற்றை எழுதி வையுங்கள்.

எடுத்துக்காட்டாக, இன்றைய பிரிட்டிஷ் 'கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்', தாமஸ் ஹைரம் ஹோல்டிங் முயற்சியில் 1901இல் சைக்கிள் முகாமாளர் சங்கமாகத் தொடங்கியது. பிறகு பெயர் பலமுறை மாறியது. இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தொடக்க கால உறுப்பினர் அகப்படவே மாட்டார். பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். 'திருமதி' என்று போட்டுக் கணவர் பெயரையே எழுதும் வழக்கம் அன்று இருந்தது. திருமணத்துக்கு முந்தைய பெயரையும் கணவரின் முதலெழுத்துகளையும் சேர்த்தே பாருங்கள்.

படங்களைப் பொறுத்தவரை, ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். இடமும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிறிய அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும், 35 மி.மீ. ஸ்லைடுக்கு 2400க்குக் குறையக் கூடாது. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்தின் அடியில் விட்டு, பசையை மெல்ல அறுத்துப் படத்தை எடுங்கள். அசைய மறுத்தால் பக்கத்தோடு ஸ்கேன் செய்வதே நல்லது.

துருப்பிடித்த பின்களைக் கழற்றுங்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை வேண்டாம். நாளடைவில் அமிலம் கசிந்து படத்தைக் கெடுக்கும். பெயர் குறிக்க மென்மையான பென்சில் மட்டுமே. ஊகித்த பெயர் என்றால் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள். தவறான பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், அந்த மனிதரின் நினைவு இன்னொருவர் கணக்கில் போய்விடும்.