உள்ளங்கால் மெலனோமா (கருநிறத் தோல் புற்றுநோய்) ஸ்லைடு படிக்க மூன்றாவது ஆள் தேவை

வணக்கம். பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், இல்லை பொள்ளாச்சிப் பக்கம் தோல் பயாப்ஸி பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் (திசு ஆய்வு மருத்துவர்) யாராவது நேரம் ஒதுக்க முடியுமா? உள்ளங்கால், நகத்தடிக் கருந்திட்டு ஸ்லைடுகள் 60. மூவர் தனித்தனியாகப் படித்து, எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். இப்போது இருவர்தான்.

சிக்கல் சாதாரண மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் நடுவில்தான். 187 பேர் பங்கேற்ற 2017 அமெரிக்க ஆய்வில், சாதாரண மச்சத்துக்கு நிபுணர் குழுவின் முடிவோடு 92% ஒத்துவந்தது. முற்றிய மெலனோமாவுக்கு 72%. மச்சத்துக்கு அடுத்த படியான மிதமான மாற்றத்துக்கு வெறும் 25%. ஒரே வகை எளிய கேஸ்களாகவே அடுக்கினால் சதவீதம் அழகாக வரும், கப்பா (தற்செயலான ஒப்புதலைக் கழித்த அளவு) மட்டும் சரியலாம். அதனால் பாதிக்குமேல் நடுத்தரக் கேஸ்கள்.

பிரெஸ்லோ தடிமனை (புற்று தோலுக்குள் இறங்கிய ஆழம்) மேல்தோலின் கிரானுலர் அடுக்கின் மேற்புறத்திலிருந்து அளக்கவும். புண் இருந்தால் புண்ணின் அடியிலிருந்து. 0.8 மி.மீ. எல்லையில் நோய்நிலை டி1ஏ, டி1பி என மாறிவிடும். ஐபீஸ் மைக்ரோமீட்டரை (மைக்ரோஸ்கோப்பின் கண்வில்லையில் உள்ள அளவுகோல்) ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியே சரிபாருங்கள். சாய்வாக வெட்டுப்பட்ட ஸ்லைடு தடிமனைக் கூட்டிக் காட்டும், அவற்றை நீக்கிவிட்டோம். வியர்வைக் குழாய் வழியே இறங்கிய செல்களை ஆழமாக எண்ண வேண்டாம். பிளாக்கிலிருந்து (திசு பதித்த மெழுகுக் கட்டி) புதிதாக வெட்டினால் ஆழமே மாறலாம்; ஆகவே அதே கண்ணாடிதான் கைமாறும், பெயர் மறைத்து. இரண்டாம் வாசிப்பு குறைந்தது 2 வாரம் கழித்து, வரிசை கலைத்து.

புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு: பலர் ஒப்புதலை அளக்கும் ஃப்ளைஸ் கப்பா படிவரிசையைக் கணக்கில் எடுக்காது. ஜோடி ஜோடியாக எடையிட்ட கப்பாவா, கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவா? தடிமனுக்கு பிளாண்ட்-ஆல்ட்மன் (இரு அளவீடுகளின் வித்தியாசத்தைப் பார்க்கும் முறை) போதுமா? மலையாளத்தில் விளக்கினாலும் சரி.