பீடியை விடச் சொல்ல இரண்டே நிமிடம்: எந்தக் கருவி உதவும்?

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):
காலையில் மட்டும் 100 பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். ஒருவருக்கு 2 நிமிடம் கிடைத்தால் அதிகம். போன வாரம் இருமலோடு வந்த 58 வயதுக் கொத்தனார் ஒருவரிடம் "பீடியை விட்டுவிடுங்கள் ஐயா" என்றேன். "சரி" என்று எழுந்தார். கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு தரையில் விழுந்தது. அதை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பார்வை இன்னும் மனதை அறுக்கிறது. அவரிடம் இருப்பது பட்டன் போன். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது. செயலி, குறுஞ்செய்தி எல்லாம் இவரைப் போன்றவருக்கு எந்த வகையில் பயன்படும்?

பதில் 1 (நெஞ்சக நோய் மருத்துவர்):
முதலில், இருமல் 2 வாரத்தைத் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

என் மேசையில் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. 15 விநாடி மூச்சை அடக்கி ஊதச் சொல்வேன். திரையில் 24 வரும். கூட வந்த மகனையும் ஊதச் சொல்வேன். புகைக்காதவன் என்றால் 2 அல்லது 3 வரும். படிக்கத் தெரியாதவருக்கும் எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர்தானே! அந்த வாயு உடலில் 4, 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் பீடியைத் தொடாமல் வந்தாலே எண் இறங்கியிருக்கும். அதைப் பார்க்கும்போது அவர் முகம் மாறும். எண் இறங்கியதால் நுரையீரல் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் புகைப்பவர்கள் 561 பேரிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. இது வேறு சோதனை: நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் சோதனையை எல்லோருக்கும் செய்தார்கள். "உங்கள் நுரையீரலுக்கு இத்தனை வயது" என்று சொல்லப்பட்டவர்களில் 13.6 சதவீதம் பேர் ஓராண்டு கழித்து விட்டிருந்தார்கள். வெறும் அளவு மட்டும் சொல்லப்பட்டவர்களில் 6.4 சதவீதம்தான்.

பதில் 2 (ஆலோசகராகப் பணிபுரியும் செவிலியர்):
சார், உங்கள் கொத்தனாருக்குக் குறுஞ்செய்தி வேண்டாம், குரல் போதும். புகையிலையை விட உதவும் 1800-11-2356 கட்டணமில்லா எண்தான், புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிட்டிருக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் மையத்திலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். எண்ணை எழுதி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "நாளைக்குப் பேசுகிறேன்" என்று போகிறவர் பேசுவதில்லை. அவர் போனிலிருந்தே, உங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தே அழைக்க வையுங்கள். அந்த வேலையை உங்கள் செவிலியரிடம் கொடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? 5 நிமிடத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமானது. அறிவுரை மட்டும் போதாது, மருந்தும் வேண்டியிருக்கும்.

படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி நன்றாகவே உதவுகிறது. பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், புகையை விட ஊக்குவிக்கும் செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் 6 மாதம் புகைக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 4.9. நம் நாட்டிலும் மிஸ்டு கால் கொடுத்துச் சேரும் அரசுத் திட்டம் 2016-ல் வந்தது.

பதில் 3 (லேத் பட்டறைத் தொழிலாளி):
விட்டு 14 மாதம் ஆகிறது. பட்டறையில் 11 மணிக்கு டீ வரும், டீ வந்தால் கை தானாகப் பைக்குள் போகும். 10.50-க்குச் செய்தி வரும்படி வைத்துக்கொண்டேன். முதல் 4 நாள் அதுதான் பிடித்து நிறுத்தியது. ஒன்பதாம் நாள் ஒன்று பிடித்துவிட்டேன். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் திட்டவில்லை. "எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது?" என்று மட்டும் கேட்டு, சீட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த முறை போனபோது அந்தச் சீட்டைப் பார்த்து மறுபடி கேட்டார். இதை எந்தப் போனும் எனக்குச் செய்யவில்லை ஐயா.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. சளி எடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிவு வாங்க வியாழக்கிழமை வருகிறார். வெளியே பெஞ்சில் வேண்டாம், என் மேசையிலிருந்தே அழைக்கச் சொல்லப்போகிறேன். நானும் பக்கத்தில் இருக்க விரும்புகிறேன்.