விண்டோஸ் 11 புதுசா போட சி டிரைவுக்கு எவ்ளோ விடணும்? 60 ஜிபி போதுமா?

குடியாத்தம்_டிடிபி:
எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்துல சின்னதா டிடிபி கடை வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், ஃப்ளெக்ஸ் டிசைன் இதான் வேலை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க இல்ல, அதான் சிஸ்டத்த ஃபார்மேட் அடிச்சு 11 போட்டுடலாம்னு இருக்கேன். ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, கூட பழைய 500 ஜிபி ஹார்ட்டிஸ்க் ஒன்னு. வழக்கமா சர்வீஸ் பண்ற அண்ணன் எஸ்எஸ்டில சிக்கு 60 விட்டு மிச்சத்த டின்னு பிரிச்சிடலாம்ங்கிறாரு. மச்சான் எஸ்எஸ்டிய பிரிக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். யார் பேச்ச கேக்கிறது?

காட்பாடி_சர்வீஸ்:
60 தாராளம் தம்பி. ஓஎஸ் போட்டு முடிச்சு பாத்தா இருபது சொச்சம் ஜிபி தான் புடிச்சிருக்கும், பேஜ்ஃபைல் (ராம் பத்தாதப்ப விண்டோஸ் எழுதிக்கிற ஃபைல்), ஹைபர்நேட் ஃபைல் (சிஸ்டம் தூங்கறப்ப ராம்ல இருக்கிறத சேமிக்கிற ஃபைல்) எல்லாம் சேத்தா முப்பத தொடும், மிச்சம் முப்பது காலி. ஃபோட்டோஷாப், கோரல், தமிழ் டைப் அடிக்கிற என்எச்எம் ரைட்டர் போட்டாலும் இடம் இருக்கும். நாளைக்கு ஓஎஸ் ஊத்திக்கிச்சுன்னா சிய மட்டும் ஃபார்மேட் அடிச்சா போதும், டில இருக்கிற வேலை அப்படியே கிடக்கும். கஸ்டமர் ஃபோட்டோ போச்சு, பத்திரிகை போச்சுன்னு எவனும் வந்து நிக்கமாட்டான்.

பாலாறு_2:
இன்னாபா இது, மைக்ரோசாஃப்ட்டே 64 ஜிபி வேணும்னு எழுதி வெச்சிருக்கான், நீ 60 தாராளம்னு சொல்லிகினு கீற. 64ன்றது ஓஎஸ் போடுறதுக்கு மட்டும் இல்ல, அப்டேட் வந்து எறங்கி பிரிச்சு உக்கார்றதுக்கும் சேத்து தான். பழச நெனச்சு பாரு, விண்டோஸ் 10 வந்த புதுசுல 32 பிட்டுக்கு 16, 64 பிட்டுக்கு 20ன்னான், 2019ல 1903ன்ற வெர்ஷன் வந்தப்ப ரெண்டுக்கும் 32ன்னு ஏத்திட்டான், 11க்கு 64. எறங்கினதே இல்ல.

காட்பாடி_சர்வீஸ்:
அந்த 64 முழு டிஸ்க்கோட அளவு, அதுல பிரிச்ச பார்ட்டிஷனோட அளவு இல்ல, ஒழுங்கா படிங்க. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா பெருக்கி 64ன்னு போடுவான், விண்டோஸ் 1024ஆல வகுத்து காட்டும். 64 ஜிபி டிஸ்க்க மாட்டினா விண்டோஸ்ல 59.6ன்னு தான் தெரியும். தம்பியோட 240 எஸ்எஸ்டியே 223ன்னு தான் காட்டும். அப்ப நான் சொன்ன 60 மைக்ரோசாஃப்ட் சொன்ன 64ஓட ஒன்னு தான்.

பாலாறு_2:
கணக்கு கரெக்ட்டுபா. ஆனா கம்பெனி போடுறது மினிமம். அதுக்கு கீழ போனா ஓடாதுன்னு அர்த்தம், அதுல சொகமா வேலை செய்யலாம்னு எவன் சொன்னான்?

சரி, நீ காலின்னு சொன்ன முப்பது எங்க போகும்னு சொல்றேன். ஹைபர்நேட் ஃபைல் ராம்ல 40 சதவீதம், 8 ஜிபி ராமுக்கு 3 ஜிபிக்கு மேல, நாளைக்கு 16 ஆக்கினா அதுவும் டபுள் ஆகும். ரிசர்வ்டு ஸ்டோரேஜ்னு அப்டேட்டுக்காக ஒரு 7 ஜிபி கிட்ட அவனே புடிச்சு வெச்சுக்குவான். வருஷத்துக்கு ஒரு தபா பெரிய அப்டேட் வந்தா பழைய விண்டோஸ் மொத்தமும் விண்டோஸ்.ஓல்டுன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள பத்து நாள் உக்காந்திருக்கும், அது பத்து ஜிபிக்கு மேல போறது சாதாரணம். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், வாட்ஸ்அப்ல வந்து குவியிற கஸ்டமர் ஃபோட்டோ எல்லாம் சும்மா விட்டா சி டிரைவுல தான் சேரும். டிடிபி கடைல வாட்ஸ்அப் எப்படி நெறையும்னு நான் சொல்லணுமா.

ஆற்காடு_பென்குயின்:
விண்டோஸ விட்டு லினக்ஸுக்கு வாங்க, அதுல உபுண்டு 24.04க்கு 25 ஜிபி கேக்குறாங்க, மின்ட்டுக்கு 20 இருந்தாலே ஏறிடும், 100 இருந்தா சௌகரியம்னு அவங்களே சொல்றாங்க. இந்த தலைவலியே வேணாம்.

ஆரணி_அச்சகம்:
தம்பி, கோரல் நேரா உபுண்டுல ஓடாது. கஸ்டமர் அனுப்புற சிடிஆர்ங்கிற கோரல் ஃபைல உங்க பென்குயின் தொறந்து குடுக்குமா?

ஆற்காடு_பென்குயின்:
இங்க்ஸ்கேப்னு டிசைன் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல தொறக்கும்க்கா, எழுத்து கொஞ்சம் நவுரும்.

ஆரணி_அச்சகம்:
பொண்ணு பேரு நவுந்தா பத்திரிகைய யார் வாங்குவா. விடுங்க.

குடியாத்தம்_டிடிபி ப்ரோ, நீங்க ஃபோட்டோஷாப்ல ஃப்ளெக்ஸ் போடுறீங்க, அதான் இங்க முக்கியம், ரெண்டு பேரும் அத பேசவே இல்ல. 20க்கு 10 அடி பேனர் 72 ரெசல்யூஷன்ல போட்டா 17280க்கு 8640 பிக்சல், சிஎம்ஒய்கேல (பிரிண்டுக்கான நாலு கலர்) முழுசா ஒரு லேயர் கிட்டத்தட்ட 600 எம்பி. பேக்ரவுண்டு, தலைவர் படம், பூ, லைட்டுன்னு அடுக்கிகினே போனா, அதோட ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஹிஸ்டரில வேற எழுதி வெச்சுக்கும், 8 ஜிபி ராம் எந்த மூலைக்கு? மிச்சம் எல்லாம் ஸ்க்ராட்ச் டிஸ்க்குல, அதாவது ஃபோட்டோஷாப் தற்காலிகமா எழுதிக்கிற டிரைவுல போகும், நீங்க மாத்தாத வரைக்கும் ஸ்க்ராட்ச் டிஸ்க் சி தான். சி டிரைவுல 15 ஜிபி காலின்னு வெச்சுக்குங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு கட்சிக்காரங்க தலைக்கு மேல நிக்கறப்ப ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்லுன்னு வந்து சேவ் கூட ஆகாது.

காட்பாடி_சர்வீஸ்:
அக்கா, எடிட்ல ப்ரிஃபரன்சஸ் போய் ஸ்க்ராட்ச் டிஸ்க்க டிக்கு மாத்தினா முடிஞ்சுது. அதே எஸ்எஸ்டி தான், ஸ்பீடும் குறையாது. இதுக்காக சிக்கு 200 ஜிபிய தூக்கி குடுக்கணுமா?

பாலாறு_2:
டவுன்லோட்ஸ மாத்து, டெஸ்க்டாப்ப மாத்து, ஸ்க்ராட்ச்ச மாத்து, ஹைபர்நேட்ட ஆஃப் பண்ணு, மாசாமாசம் டிஸ்க் க்ளீனப் ஓட்டு. ஒன்ன மாதிரி சர்வீஸ் ஆளுக்கு சரி. கடைல உக்காந்திருக்கிற பையன் செய்வானா?

இன்னொன்னு, இத யாரும் மொதல்ல யோசிக்கிறது இல்ல. சின்னதா வெச்ச சிய அப்புறம் பெருசாக்குறது லேசு இல்ல. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சிய நீட்டணும்னா அதுக்கு ஒட்டினாப்ல வலது பக்கம் காலி இடம் இருக்கணும். டிய சுருக்கினா காலி இடம் டியோட கடைசில வரும், சிகிட்ட வராது. நடுவுல விண்டோஸ் ரிப்பேருக்குன்னு வெச்சுக்கிற ரெகவரி பார்ட்டிஷன் வேற குந்திகினு இருக்கும். கடைசில டிய மொத்தமா வழிச்சுட்டு தான் சிய நீட்டணும், இல்ல வெளி சாஃப்ட்வேர் எதனா போட்டு தைரியமா நவுத்தணும். அதே முழுசா விட்டிருந்தா, நாளைக்கு டி வேணும்னு தோணுச்சுன்னா சிய ஷ்ரிங்க் பண்ணா ஆச்சு, பெரும்பாலும் பிரச்சனை இல்லாம முடிஞ்சிடும். அதனால தான் மச்சான் சொல்றது சரின்றேன்.

காட்பாடி_சர்வீஸ்:
ரெகவரி பார்ட்டிஷன் பத்தி பேசினீங்களே, 2024 ஜனவரில விண்டோஸ் 10க்கு ஒரு அப்டேட் வந்து ஊர்ல பாதி சிஸ்டத்துல 80070643ன்னு எரர் அடிச்சுதே, ரெகவரில 250 எம்பி காலி இல்லன்னு. அது முழுசா ஒரே சியா விட்டவங்களுக்கும் வந்துச்சு. பார்ட்டிஷன் பிரிச்சவன் மட்டும் தான் கஷ்டப்படுறான்னு இல்ல.

நான் பிரிக்க சொல்றது இடத்துக்காக இல்ல. எங்கிட்ட வர்ற சிஸ்டத்துல முக்காவாசி பூட் ஆகாம தான் வருது. எல்லாம் சி டிரைவுல இருந்தா வேற மெஷின்ல மாட்டி காப்பி எடுத்து, அப்புறம் ஓஎஸ் ஏத்தி, திரும்ப காப்பி போட்டு, ஒரு நாள் போயிடும். டி தனியா இருந்தா ஒரு மணி நேரம், கஸ்டமர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள.

பாலாறு_2:
எஸ்எஸ்டியே செத்தா? சியும் டியும் ஒரே சிப்புல தான கீது. வைரஸ் வந்து ஃபைல பூட்டுச்சுன்னா டின்னு எழுதியிருக்கேன்னு விட்டுட்டு போகுமா? பார்ட்டிஷன் பேக்கப் இல்லபா. வேலைய 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்குல போட்டு வெச்சா தனி டிஸ்க்கா இருக்கும், நீ கேக்குற வசதியும் வந்துடும்.

குடியாத்தம்_டிடிபி:
அந்த ஹார்ட்டிஸ்க்கு தான் அண்ணா கொஞ்ச நாளா டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது…

காட்பாடி_சர்வீஸ்:
அப்ப அத நம்பவே நம்பாதீங்க, இன்னிக்கே அதுல இருக்கிறத வேற எங்கயாவது எடுத்துடுங்க. இதுல மட்டும் பாலாறு என்கூட சண்டைக்கு வரமாட்டாருன்னு நெனக்கிறேன்.

பாலாறு_2:
வரமாட்டேன். ஹார்ட்டிஸ்க்க மாத்து. ஓஎஸ் போடுறப்ப அத கழட்டி வெச்சிட்டு போடு, மாட்டியிருந்தா சில சமயம் இன்ஸ்டாலர் பூட் ஃபைல கொண்டு போய் அதுல வெச்சிடும், நாளைக்கு அது செத்தா எஸ்எஸ்டி நல்லா இருந்தும் சிஸ்டம் எழுந்துக்காது.

ஆரணி_அச்சகம்:
ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஃபாண்ட்ஸ் எடுத்தீங்களா? சி, டி எவ்ளோன்னு ரெண்டு பேரும் அடிச்சிகிறாங்க, தமிழ் ஃபாண்ட் எல்லாம் சி டிரைவுல தான் இருக்கு. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபாண்ட்ஸ் மட்டும் எடுத்தா பத்தாது. விண்டோஸ் 10ஓட 1809 வெர்ஷனுக்கு அப்புறம் டபுள் கிளிக் பண்ணி போட்ட ஃபாண்ட் நெறைய உங்க யூசர் பேர்ல ஆப்டேட்டாக்குள்ள லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ்னு தனியா போய் உக்காந்திருக்கும். அத விட்டீங்கன்னா பழைய பத்திரிகை எல்லாம் கட்டம் கட்டமா தொறக்கும்.

குடியாத்தம்_டிடிபி:
ரெண்டு ஃபோல்டரும் இப்ப தான் பென்டிரைவ்ல ஏறுதுக்கா, நன்றி. எஸ்எஸ்டில சிக்கு 150 விட்டு மிச்சத்த டியா வெச்சிக்கிறேன், ஸ்க்ராட்ச் சி டிரைவுலயே இருக்கட்டும். நடந்துகினு இருக்கிற வேலை டில, முடிஞ்சது எல்லாம் புது எக்ஸ்டர்னல்ல.

காட்பாடி_சர்வீஸ்:
150 ரொம்ப அதிகம் தம்பி, 100 வைங்க.

பாலாறு_2:
150யே கம்மின்றேன் நான்.