பகுபொறி, பகாப்பொறி: வழங்கிக்கு இரண்டு சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

வாடகைக்கு வரும் வழங்கிகளில் (சர்வர்) 'விர்ச்சுவல் டெடிகேட்டட்', 'பிசிக்கல் டெடிகேட்டட்' என்ற இரண்டு வகைக்கும் நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள்: மெய்நிகர் அர்ப்பணிப்பு வழங்கி, பௌதிக அர்ப்பணிப்பு வழங்கி, இயற்பியல் தனி வழங்கி. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லி, மாற்றுச் சொல்லும் தருகிறேன். வழங்கியா சேவையகமா என்ற பழைய வழக்கை இப்போது இழுக்க வேண்டாம். நான் சொல்வது இரண்டோடும் ஒட்டும்.

முதலில் அர்ப்பணிப்பு. நூலை அர்ப்பணிக்கிறோம், வாழ்க்கையை அர்ப்பணிக்கிறோம். வாடகைக்கு வரும் பொறியை ஒருவருக்கு ஒதுக்குகிறோம், அவ்வளவுதான். 'ஒதுக்கீடு' என்ற நல்ல சொல் கைவசம் இருக்கிறது.

பெரிய சிக்கல் 'மெய்நிகர்', 'பௌதிகம்' என்ற எதிர்நிலையில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ ஒரு தரவு மையத்தில் இரும்புச் சட்டத்தில் செருகிய பொறி ஒன்று இல்லாமல் எந்த மெய்நிகர் வழங்கியும் ஓடாது. மின்வெட்டுக் காலத்தில் டீசல் ஜெனரேட்டர் இரண்டு வகைக்கும் ஒரே மாதிரிதான் தேவைப்பட்டது. வாடகைக்கு எடுப்பவர் உண்மையில் கேட்பது வேறு: அந்தப் பொறி முழுசாக என்னிடம் வருகிறதா, கூறு போட்டு வருகிறதா? கூறுதான் என்றால், என் கூறு எனக்கு உறுதியா?

கூறு போடும் வேலையைச் செய்வது பொறிக்கும் இயங்குதளங்களுக்கும் நடுவே உட்காரும் ஒரு மென்பொருள். ஐபிஎம் 1960களிலேயே பெருங்கணினியில் இதைச் செய்துவிட்டது. எந்தப் பொறியை இப்படிச் சரியாகக் கூறு போடலாம் என்பதற்கான நிபந்தனைகளை 1974இல் போபெக், கோல்ட்பர்க் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். நாம் இன்று பார்க்கும் வாடகைச் சந்தையைத் திறந்துவிட்டது அமேசானின் ஈசி2 என்ற வாடகைக் கணினிச் சேவை. அதைக் கட்டியது இதே தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் கிறிஸ் பிங்க்ஹாம் தலைமையில் இருந்த ஒரு சிறிய குழு. 2006இல் ஸென் என்ற, கூறு போடும் மென்பொருளின் மேல் அது வெளிவந்தது. டர்பனில் உட்கார்ந்து இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிற எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

கூறு போட்ட பொறியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தின் பொதுச்சுவர் வீடுகளில் உங்கள் அறை உங்களுடையதுதான், ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும். இங்கேயும் அப்படித்தான். மலிவான திட்டங்களில், பொறியில் இருக்கும் சிபியுவைவிட (கணக்கிடும் சில்லு) அதிகமாகவே விற்றிருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கேட்டுவிட்டால் உங்கள் வேலை வரிசையில் நிற்கும். லினக்ஸில் 'டாப்' (top) கட்டளையைப் போட்டு 'எஸ்டி' (st) என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் வழங்கி ஓடத் தயாராக இருந்தும் சிபியு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட நேரம் அது. ரேமையும் சில இடங்களில் இப்படி உங்களிடமிருந்து வாங்கிப் பிறகு திருப்பித் தருவார்கள்.

மெய்நிகர் 'டெடிகேட்டட்' என்று விற்பதில் இந்த இழுபறி இருக்கக்கூடாது. இத்தனை சிபியு, இவ்வளவு ரேம் என்று கூறு எழுதி வைத்ததுபோல நிற்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் சிபியு மையங்களையே (கோர்) உங்கள் கூறோடு கட்டிவிடுவார்கள். ஆனாலும் வட்டும் வலையட்டையும் பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும். 2018இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைகள், ஒரே சிபியுவைப் பங்கிடுபவர்களுக்கு நடுவே தகவல் கசியலாம் என்று காட்டின. மாணவர் பட்டியல் வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முழுப் பொறி எடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. வேறு தொல்லை உண்டு: ரேம் கூட்ட வேண்டுமென்றால் ஒருவர் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும், வட்டு செத்தால் மாற்றும் வரை காத்திருக்க வேண்டும். கூறு போட்டதில் சில நிமிடங்களில் ரேம் கூடும். பொறியில் கோளாறு தெரிந்தால் ஓடும் வழங்கியை நிறுத்தாமலே இன்னொரு பொறிக்கு நகர்த்தலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நன்னூலில் பகுபதம், பகாப்பதம் படித்திருக்கிறோம். கணக்குப் பாடத்தில் பகு எண், பகா எண் இருக்கின்றன. அதே வேரில்:

கூறு போட்டு வாடகைக்கு விடுவது பகுபொறி வழங்கி. முழுசாக ஒருவருக்கே விடுவது பகாப்பொறி வழங்கி. கூறு உறுதியாக நிற்கும் வகை ஒதுக்கீட்டுப் பகுபொறி வழங்கி.

பகுபொறி வினைத்தொகை, அதனால் நடுவே ஒற்று மிகாது. பகாப்பொறி எதிர்மறைப் பெயரெச்சம், ஈறு கெட்டது, அதனால் மிகும். எழுதும்போது இதில் தவறு வர வேண்டாம்.

> மெய்நிகரை ஏன் கைவிட வேண்டும்? பழகிவிட்டதே.

கைவிடவில்லை ஐயா. கூறுக்குள் ஓடும் அந்தக் கணினி மெய்நிகர்ப் பொறிதான். வாடகைத் திட்டத்தின் பெயரில் மட்டும் அது வேண்டாம் என்கிறேன்.

> 'பகிர்பொறி' இன்னும் எளிது.

எளிதுதான் அக்கா, நானும் அதை யோசித்தேன். ஆனால் ஒரே இயங்குதளத்தில் நூறு வலைத்தளங்களை வைக்கும் மலிவுத் திட்டத்துக்குப் 'பகிர்வு' என்ற சொல் முன்பே போய்விட்டது. பகிர்வில் கோப்புறைதான் உங்களுடையது. பகுபொறியில் ஒரு முழு இயங்குதளமும் அதன் நிர்வாக உரிமையும் உங்களுடையவை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

> பகாப்பொறியை வாங்கியவர் அதில் கேவிஎம் என்ற கூறு போடும் மென்பொருளைப் போட்டுத் தானே கூறு போட்டால்?

அப்போது அவர் கையில் அது பகுபொறி ஆகிறது. வந்து சேர்ந்தபோது பகாதது. சொல் இரண்டு நிலையையும் சரியாகவே காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே தமிழை வார இறுதி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள்தான் இந்தக் கையேட்டைக் கையில் எடுக்கப் போகிறார்கள். 'பௌதிக' என்பதை அகராதியில் தேடிக் கண்டுபிடித்த பிறகும் திட்டம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. 'பகு' பள்ளிக் கணக்கிலேயே வந்துவிடுகிறது.

கூறு போடும் அந்த மென்பொருளுக்கு இன்னும் நல்ல சொல் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். மேலே 'பகுப்பி' என்று எழுதக் கை வந்தது, உங்கள் கருத்துக் கேட்காமல் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து