புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் தேய்மானம்

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்தோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் 10 முறை.

ஜெல் தடவி, 1 மெகாஹெர்ட்ஸ் ஒலி அலை, காலுக்கு ஏழெட்டு நிமிடம். படம் பிடிக்கும் ஸ்கேன் இல்லை இது. வலி கொஞ்சம் குறையலாம், தேய்ந்த குருத்தெலும்பு வளராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது.

அசல் வேலை பயிற்சியில்தான். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி 5 எண்ணும்வரை அழுத்த வேண்டும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது. தொடைத் தசை வலுவானால் மூட்டின் சுமை குறையுமாம். “வலிக்கிற காலை ஏன்டா ஆட்டச் சொல்றே?” என்று முதல் வாரம் முழுக்க எனக்குத் திட்டு.

இப்போது சில்வர் பீச் பக்கம் கால் மணி நேரம் நடக்கிறார், மணலில் இறங்காமல். படி இறங்கும்போது மட்டும் இன்னும் வலிக்கிறது.