சென்ட்ரிஃபியூஜ் முன்னால் நிற்கும் வரிசை: இது பிஎச்டிக்குத் தாங்குமா?

வரிசைக்காரி:

கோவையில் கணிதத்தில் பகுதிநேர பிஎச்டி செய்கிறேன், நான்காவது வருடம். மொத்தமாக ஏற்றிச் சேவை செய்யும் வரிசைகள்தான் தலைப்பு. 1954-இல் பெய்லி என்ற கணித ஆய்வாளர் தொடங்கியது, 1967-இல் நியூட்ஸ் என்பவர் பொதுவாக்கியது. குறைந்தது 'ஏ' பேர் சேரும்வரை சர்வர், அதாவது சேவை தரும் இயந்திரம், வேலையைத் தொடங்காது, ஒரு தடவைக்கு 'பி' பேருக்கு மேல் ஏற்றாது. அவ்வளவுதான் விதி. நம் ஊர் கணிதத் துறைகளில் இதில் குப்பை கொட்டியவர்கள் ஏராளம். சர்வருக்கு ஒரு விடுமுறை, ஒரு பழுது என்று சேர்த்துக்கொண்டே போனால் பேப்பர் வந்துகொண்டே இருக்கும். என் கைடும் "இன்னொரு வெக்கேஷன் போட்டுப் பாரும்மா" என்கிறார். சர்வருக்கு மூன்று வகை விடுமுறை கொடுத்தாகிவிட்டது, எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு முன் அப்பாவுக்கு சுகர் பார்க்க ஒரு லேபுக்குப் போயிருந்தேன். ரிப்போர்ட் தாமதம். எட்டிப் பார்த்தால், டெக்னீஷியன் கையில் பதினொரு ரத்த டியூப்களை வைத்துக்கொண்டு, ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் முன்னால் நிற்கிறார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒரு காலி டியூபில் தண்ணீர் பிடித்து, எடை சமமாக இருக்கப் பன்னிரண்டாவதாக எதிர்க்குழியில் வைத்து மூடியைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான்கு வருடமாகப் போர்டில் எழுதுகிற ஏ, பி விதி இதுதானே!

அனுமதி வாங்கி மூன்று நாள் காலையில் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இப்போது சந்தேகம். டியூப்களின் வரவை பாய்சான், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக வருவது, என்று எடுத்துக்கொள்ளலாமா? லேப் சாஃப்ட்வேரில் இருக்கும் நேரங்கள் போதுமா? டாக்டோரல் கமிட்டியில் "இதில் கணிதம் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்ல?

டியூப் அண்ணன்:

தங்கச்சி, மதுரையில் பதினெட்டு வருடமாக இதே லேப் டெக்னீஷியன் வேலை. கணக்கு எனக்குத் தெரியாது, டியூபைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் சாஃப்ட்வேர் நேரத்தை நம்பாதீர்கள். வெளி கலெக்‌ஷன் சென்டர்களில் எடுத்த டியூப்கள் பெட்டியாக வரும்போது ஸ்கேன் செய்ய யாருக்கும் கை ஒழியாது. எல்லாவற்றையும் ரேக்கில் அடுக்கிவிட்டு, மூச்சு விடும்போது ஒரே மூச்சில் ஸ்கேன் செய்வோம். கணினிக்கு எல்லா டியூபும் ஒரே நேரத்தில் வந்த மாதிரி இருக்கும். ரத்தம் எடுத்த நேரம் அதைவிட மோசம். பல இடங்களில் பில் போட்ட நேரமே அங்கே ஏறியிருக்கும்.

அப்புறம், எல்லா டியூபும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. ஊதா மூடி சிபிசிக்கு, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனைக்குப் போகும், அதைச் சுற்றவே மாட்டோம். சிவப்பு மூடி வந்த உடனே சுற்றக் கூடாது, உறைய அரை மணி நேரமாவது விட வேண்டும். ஆக, வரிசையில் நிற்கும் பாதிப் பேர் இன்னும் தயாராகவே இல்லை. உங்கள் விதியில் 'ஏ' எண்ணும்போது இவர்களை எண்ணக் கூடாது.

ரொம்ப நேரம் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள், பதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத ரத்தத்தில் அணுக்களே சுகரைத் தின்னும், மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதவீதம். காலை 6.45-க்கு எடுத்தபோது 130 இருந்தது, 9.15-க்குச் சுற்றினால் ஏறக்குறைய 111 என்று வரும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இவரோ 'கொஞ்சம் கவனமா இருங்க' என்று வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடி டியூபில் சுகர் குறையாமல் தடுக்க ஃப்ளோரைடு இருக்கிறதே என்பார்கள். முதல் ஒரு மணி நேரம் அதுவும் பெரிதாகத் தடுக்காது. சரி, ஐஸில் வைக்கலாமே என்றால், சுகர் நிற்கும், பொட்டாசியம் ஏறிவிடும்.

சுற்றுவழி:

லேப் வாசலில் நின்று பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதி, சென்டர்களிலிருந்து டியூப் பெட்டியை லேபுக்குக் கொண்டுவரும் பைக்கில் இருக்கிறது. 1959-இல் டான்ட்சிக்கும் ராம்சரும் லாரி அனுப்பும் கணக்கை எழுதியபோது ஏற்றியது பெட்ரோல். அது வழியில் கெடாது. இங்கே ஒவ்வொரு டியூபுக்கும் தனிக் கடிகாரம், ஊசி குத்திய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. சீக்கிரம் போய் எடுத்தால், அதற்குப் பிறகு குத்திய டியூப்கள் அடுத்த நடைக்குக் காத்திருக்கும். தாமதமாகப் போனால் முதலில் குத்தியவை பழசாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். ஒரே கலெக்‌ஷன் சென்டருக்கு ஒரு நாளில் பல நடை போக வேண்டியிருப்பதுதான் அங்கேயும் முடிச்சு.

சராசரிக் காத்திருப்பை மட்டும் காட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய டியூப் எத்தனை என்பதுதான் கேள்வி. சராசரி 50 நிமிடம் என்று அழகாக வரும், உள்ளே மூன்று மணி நேர டியூப் ஒன்று ஒளிந்திருக்கும்.

பழைய ஸ்காலர்:

பாய்சான் பற்றி: தனித்தனியாக நடந்து வருகிறவர்களுக்குச் சரி. பெட்டியாக வருவதைக் கூட்டமான வரவு என்று எடுங்கள், உங்கள் மாடலிலேயே அது இருக்கிறது. ஆனால் நிலைத்த நிலை, அதாவது வரிசையின் போக்கு நேரத்தோடு மாறாமல் அடங்கும் நிலை, இங்கே வரவே வராது. ஏழு மணிக்கு வெறும் வயிற்றுக் கூட்டம். அதே ஆட்கள் இட்லி சாப்பிட்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப வருவார்கள். இரண்டாவது அலை முதல் அலையின் நிழல். இதைத் தனித்த வரவாக எடுத்தால் வைவாவில் மாட்டுவீர்கள், இதையே மாடலாக்கினால் "கணிதம் எங்கே?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

இன்னொன்று, பெயரை நீக்கிவிட்டேன் என்றாலும் நெறிமுறைக் குழு அனுமதி வாங்காமல் டேட்டாவைத் தொடாதீர்கள். எனக்கு அதில் எட்டு மாதம் போனது.

வரிசைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு பெட்டி வந்து இறங்கியதை 8.41 என்று எழுதியிருக்கிறேன், உள்ளே 46 டியூப். அவர்கள் திரையில் நான் பார்த்தபோது 46-ம் 9.04-க்கும் 9.06-க்கும் நடுவில். சாஃப்ட்வேரை மட்டும் நம்பியிருந்தால் இருபத்து மூன்று நிமிடம் காற்றில் போயிருக்கும்.

நேற்று மறுபடி போனேன், இந்த முறை டேட்டா எதுவும் எடுக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து பெட்டி கொண்டுவரும் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். கிணத்துக்கடவில் நின்று இன்னொரு சென்டரிலும் எடுத்துக்கொண்டு வருவாராம். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்றேன். "மணி எல்லாம் இல்லக்கா. பெட்டி பாதியாவது ஆனாத்தான் கிளம்பணும், பெட்ரோல் கட்டுப்படி ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அதாவது அவருக்கும் ஒரு 'ஏ' இருக்கிறது! பொள்ளாச்சியில் பெட்டி பாதி ஆகும்வரை காத்திருந்த டியூப், இங்கே வந்து குழி நிறையும்வரை மறுபடி காத்திருக்கிறது.

கைடிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மொத்தச் சேவை, நடுவில் அரை மணி உறைதல்... மூடிய வடிவில், ஒரே சூத்திரமாகத் தீர்வு வராதேம்மா" என்றார். வராதுதான் சார், சிமுலேஷன் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். திங்கட்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். பைத்தானில் இதை எழுதியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.